ஒரு பொருள்போல் தோன்றும் இரு சொற்கள்

ஒரு பொருளுக்குப் பல சொற்கள் இருப்பது மொழிக்குச் செல்வம். வேழம் என்றாலும் கரி என்றாலும் யானை யானைதான். நிகண்டுகள் அந்தச் செல்வத்தைத் தொகுத்துவைத்தன. புலவர்கள் அதை மனம்போல் செலவிட்டனர். சட்டமும் வணிகமும் நிகண்டின் வழியில் நடப்பதில்லை. அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் தனிக் கணக்கேடு உண்டு. ஒரு சொல் இருக்க வேண்டிய இடத்தில் அதன் பக்கத்துச் சொல்லை எழுதிவிட்டால், பணம் ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்கு மாறிவிடும்.

ஆங்கிலத்தில் ஒன்றுபோலத் தோன்றும் சொற்களை வேறுபடுத்திக் காட்டும் நூல்கள் ஏராளம். அவை பெரும்பாலும் தேர்வெழுதும் மாணவர்களுக்கானவை. திருப்பூர்ப் பின்னலாடைப் பகுதியில் இந்த வேறுபாடு மதிப்பெண் சார்ந்ததன்று, பிழைப்பு சார்ந்தது. இங்கே தொழில் தமிழில் பேசுகிறது, ஆங்கிலத்தில் கையொப்பமிடுகிறது. ஓவர்லாக், பேட்லாக் இயந்திரங்களுக்கு நடுவே நடக்கும் பேச்செல்லாம் கொங்குத் தமிழ். ஆர்டர், இன்வாய்ஸ், நோட்டீஸ், ஒப்பந்தம் ஆகியவையோ ஆங்கிலம்.

வெண்ணெய்க்குப் பெயர்பெற்ற ஊத்துக்குளியில் இன்று தையல் கூடங்களும் நிறைந்துவிட்டன. பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்ற என்னிடம், “இதுல என்னங்க சார் போட்டிருக்குது?” என்று காகிதங்களைக் கொண்டுவருவோர் உண்டு. அவற்றில் திரும்பத் திரும்பக் குழப்பம் தரும் சில சொல்லிணைகளைத் தொழிலாளியின் கையில் இருக்கும் காகிதத்திலிருந்து தொடங்கி இங்கே தொகுத்துத் தருகிறேன்.

கூலியின் மூன்று படிகள்

‘மினிமம் வேஜ்’, ‘ஃபேர் வேஜ்’, ‘லிவிங் வேஜ்’ ஆகிய மூன்றையும் பலர் ஒன்றாகவே கொள்கின்றனர். மூன்றும் மூன்று படிகள். விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948-இல், மத்திய அரசு அமைத்த நியாய ஊதியக் குழு இவற்றைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. குறைந்தபட்ச ஊதியம் என்பது உயிரைத் தக்கவைத்து, உழைக்கும் திறனையும் காப்பதற்கானது. அதற்குக் கீழே செல்ல எந்தத் தொழிலுக்கும் உரிமையில்லை. வாழ்வூதியம் என்பது உணவு, உடை, உறையுளோடு பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், முதுமைக்கான பாதுகாப்பு ஆகியவற்றையும் தருவது. இவ்விரண்டுக்கும் இடையே, தொழிலின் கொடுக்கும் திறனைப் பொறுத்து நிற்பது நியாய ஊதியம்.

குறைந்தபட்ச ஊதியத்துக்கு 1948-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. வாழ்வூதியமோ அரசியலமைப்பின் 43-ஆவது பிரிவில், அரசு எட்ட முயல வேண்டிய இலக்காக நிற்கிறது. முதலாவதைக் கேட்டு நீதிமன்றம் செல்லலாம்; இரண்டாவதை வழக்காடிப் பெற முடியாது.

குறைந்தபட்ச ஊதியம் எப்படிக் கணக்கிடப்பட வேண்டும் என்பதற்கும் அளவுகோல் உண்டு. 1957-இல் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஒரு குடும்பத்தை மூன்று நுகர்வு அலகுகளாகக் கொண்டு, ஓர் அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, நால்வர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு எனக் கணக்கு வகுத்தது. 1991-இல் உச்சநீதிமன்றம், பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், திருமணம், முதுமை ஆகியவற்றுக்காக மேலும் 25 சதவீதத்தைச் சேர்க்க வேண்டும் என்றது. உலகுக்கே உடை தைக்கும் ஊரில், தைப்பவரின் குடும்பத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு துணி என்பதும் கூலிக் கணக்கின் ஒரு பகுதி என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

குழப்பம் எங்கே நேர்கிறது? வெளிநாட்டு வாங்குநர்கள் சிலர் தம் நடத்தை விதிகளில் ‘லிவிங் வேஜ்’ என்று எழுதுகின்றனர். தணிக்கைக்கு வருபவர் சரிபார்ப்பதோ, அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியம் கொடுக்கப்படுகிறதா என்பதை. விதியில் ஒரு சொல், சோதனையில் மற்றொரு சொல். வாங்குநரின் நற்பெயர் முதல் சொல்லால் வளர்கிறது; தைப்பவரின் சம்பளம் இரண்டாவது சொல்லோடு நின்றுவிடுகிறது.

ஓவர்டைமும் ஒன்றரை ஷிஃப்டும்

எட்டு மணி நேரம் ஒரு ஷிஃப்ட். பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை ஷிஃப்ட். இது நம் பகுதியின் நெடுநாள் வழக்கு. ‘ஓவர்டைம்’ என்பதும் இதுதானே என்று பலர் எண்ணுகின்றனர். கூடுதல் நேர உழைப்பு என்ற அளவில் இரண்டும் ஒன்றே, கூலியில் ஒன்றல்ல. தொழிற்சாலைகள் சட்டம், 1948, நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கோ வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கோ மேற்பட்ட உழைப்புக்கு இருமடங்கு வீதத்தில் கூலி தர வேண்டும் என்றது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு ஷிஃப்டுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இடைவேளை நீங்கலாக நாளுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் உழைப்பவருக்கு, ஒன்றரை ஷிஃப்ட் கணக்கில் நாளுக்கு 750 ரூபாய், வாரத்துக்கு 4,500 ரூபாய். சட்டத்தின் கணக்கில், முதல் 48 மணி நேரத்துக்கு 3,000 ரூபாய். எஞ்சிய 24 மணி நேரத்துக்கு இருமடங்கு வீதத்தில் இன்னொரு 3,000 ரூபாய். ஆக 6,000 ரூபாய். ஒரு சொல்லுக்கும் அதன் பக்கத்துச் சொல்லுக்கும் இடையே வாரத்துக்கு 1,500 ரூபாய்.

‘ரேட்’, ‘ஏர்னிங்ஸ்’ என்னும் இணையையும் இங்கேயே சொல்லிவிடலாம். முன்னது கூலி வீதம். பின்னது ஈட்டிய தொகை. “பனியன் கம்பெனியில் இப்போதெல்லாம் நல்ல சம்பளம்” என்று வெளியூர்க்காரர் வியப்பது ஈட்டிய தொகையைப் பார்த்து. அதை உழைத்த மணிகளால் வகுத்துப் பார்த்தால்தான் வீதம் தெரியும்.

உரிமையும் அன்பளிப்பும்

தீபாவளி நெருங்கினால் இந்தப் பகுதியில் எல்லார் பேச்சிலும் ‘போனஸ்’. சில நிறுவனங்கள் ரசீதில் ‘எக்ஸ்கிரேஷியா’ என்று எழுதுவதுண்டு. கைக்கு வரும் பணம் ஒன்றாகவே இருக்கலாம். போனஸ் வழங்கல் சட்டம், 1965, தனக்கு உட்பட்ட தொழிலாளருக்குக் குறைந்தது 8.33 சதவீதம், மிகுந்தது 20 சதவீதம் என்று வரையறுத்தது. அது உரிமை, தராவிட்டால் கேட்கலாம். எக்ஸ்கிரேஷியா என்பது கருணைத்தொகை. இந்த ஆண்டு தந்தவர் அடுத்த ஆண்டு தராமல் இருக்கலாம். 8.33 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் கேட்பார்கள். நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். ஆண்டுச் சம்பளத்தில் ஒரு மாதச் சம்பளம்.

‘வேஜ்’, ‘ஸ்டைபண்ட்’ என்பவையும் இப்படித்தான். பயிற்சியாளர் சட்டம், 1961, அதன்கீழ் பயில்பவரைத் தொழிலாளியாகக் கருதுவதில்லை. அவர் பெறுவது ஊதியமன்று, உதவித்தொகை. தமிழக நூற்பாலைகளில் இளம்பெண்களை மூன்றாண்டு விடுதியில் தங்கவைத்து, முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன ‘சுமங்கலித் திட்டம்’ கடும் கண்டனத்துக்கு உள்ளானபோது, விவாதத்தின் மையத்தில் இருந்த கேள்விகளுள் ஒன்று, அந்தப் பெண் பயிற்சியாளரா, தொழிலாளியா என்பது. நாள் முழுதும் உற்பத்தியில் நிற்பவரை ‘அப்ரண்டிஸ்’ என்று பதிவேட்டில் எழுதும் ஒரு சொல், அவருடைய கூலியையும் உரிமைகளையும் ஒருசேரக் குறைத்துவிடுகிறது.

வேலை இல்லை என்பதில் இரண்டு வகை

‘லே-ஆஃப்’, ‘ரெட்ரெஞ்ச்மென்ட்’ இரண்டையும் நாளிதழ்களே ‘பணிநீக்கம்’ என்று மொழிபெயர்ப்பதைக் காண்கிறேன். அமெரிக்க ஆங்கிலத்தில் ‘லே-ஆஃப்’ என்றால் பெரும்பாலும் வேலையே போய்விட்டது என்று பொருள். இந்தியச் சட்டத்தில் அப்படியன்று. தொழில் தகராறுகள் சட்டம், 1947, நூல் இல்லை, மின்சாரம் இல்லை, இயந்திரம் பழுது, சரக்குத் தேக்கம் போன்ற காரணங்களால் தற்காலிகமாக வேலை தர இயலாத நிலையையே லே-ஆஃப் என்றது. வேலை உறவு முறியவில்லை. 50 பேருக்குக் குறையாத தொழிற்கூடங்களில், ஓராண்டு தொடர்பணி முடித்தவருக்கு அந்நாள்களுக்கு அடிப்படை ஊதியம், அகவிலைப்படி ஆகியவற்றில் பாதி இழப்பீடாகக் கிடைக்கும்.

ரெட்ரெஞ்ச்மென்ட் என்பது ஆட்குறைப்பு, வேலை முடிந்துபோகிறது. ஓராண்டு பணி முடித்தவருக்கு ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ, அதனுடன் நிறைவுசெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தரப்பட வேண்டும். 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் இந்த வேறுபாட்டைத் தக்கவைத்துக்கொண்டது. பத்தாண்டு உழைத்தவரிடம் “இப்போதைக்கு வேலை இல்லை, சொல்லி அனுப்புகிறோம்” என்று வாய்மொழியாகச் சொல்லி, பிறகு சொல்லியே அனுப்பாமல் விட்டால், அது முதல் சொல்லின் உடையணிந்த இரண்டாவது சொல்.

பூஜ்ஜியமும் பூஜ்ஜியமும்

இனிச் சிறு உரிமையாளர்களின் காகிதங்களுக்கு வருவோம். ஜிஎஸ்டியில் ‘எக்ஸெம்ப்ட்’, ‘ஜீரோ ரேட்டட்’ என்று இரு சொற்கள். இரண்டிலும் வாங்குபவர் செலுத்தும் வரி பூஜ்ஜியம். ஊத்துக்குளியிலேயே இரண்டுக்கும் எடுத்துக்காட்டு உண்டு. கறந்த பாலுக்கு வரிவிலக்கு, அது எக்ஸெம்ப்ட். ஏற்றுமதியாகும் பனியனுக்கு வரிவீதம் பூஜ்ஜியம். அது 2017-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி சட்டப்படி ஜீரோ ரேட்டட்.

பால் விற்பவர், குளிரூட்டும் இயந்திரம் வாங்கும்போது செலுத்திய வரியைத் திரும்பப் பெற முடியாது. அது அவர் செலவிலேயே சேர்ந்துவிடும். ஏற்றுமதியாளர் நூலுக்கும் சாயத்துக்கும் பெட்டிக்கும் செலுத்திய உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெறலாம். முன்னதில் வரி மறைந்திருக்கிறது; பின்னதில் வரி உண்மையிலேயே துடைக்கப்படுகிறது.

இதில் சிறு கூடங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஏற்றுமதி ஆர்டருக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் கூடம் ஏற்றுமதியாளர் ஆகாது. சரக்கு ஹாம்பர்க் போகிறது என்பதால், பதிவுபெற்ற ஜாப் ஒர்க்காரரின் பில்லுக்கு வரி பூஜ்ஜியம் ஆகிவிடாது. அவர் வரி சேர்த்துப் பில் எழுத வேண்டும்; அதைத் திரும்பப் பெறுவது ஏற்றுமதியாளரின் வேலை.

‘ஷிப்மென்ட்’, ‘டெலிவரி’ என்பதையும் சுருக்கமாகச் சொல்லலாம். எஃப்.ஓ.பி. தூத்துக்குடி என்று ஒப்பந்தம் இருந்தால், சரக்கு அங்கே கப்பலில் ஏறியதும் விற்பவரின் டெலிவரி முடிந்தது. அதன்பின் கடலில் நேரும் இழப்பின் பொறுப்பு வாங்குபவருடையது. “டெலிவரி என்றால் அவர் கிடங்கில் போய்ச் சேர்வது” என்று எண்ணிக்கொண்டு, தமக்கில்லாத பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்வோர் இருக்கிறார்கள்.

ரிபேட்டும் சப்சிடியும்

அரசிடமிருந்து ஏற்றுமதியாளருக்குப் பணம் வருகிறது. அதை ஒருவர் மானியம் என்கிறார். இன்னொருவர் இன்சென்டிவ் என்கிறார். காகிதத்தில் ரிபேட் என்று இருக்கிறது. சப்சிடி என்பது அரசு தன் கையிலிருந்து கொடுப்பது. ரிபேட் என்பது ஏற்றுமதியாளர் முன்பே கட்டிய வரியை அரசு திருப்பித் தருவது. வரியைச் சரக்கோடு சேர்த்து ஏற்றுமதி செய்யக் கூடாது என்பது பொதுநிதியியலின் பழைய பாடம். ஏற்றுமதிப் பொருளின்மீது விழுந்த மறைமுக வரியை, விழுந்த அளவுக்கு மிகாமல் திருப்பித் தந்தால் அது மானியமாகாது என்று உலக வர்த்தக அமைப்பின் உடன்பாடும் ஏற்கிறது.

இந்த ஒரு சொல்லுக்காக நாடுகள் வழக்காடியுள்ளன. 2018-இல் அமெரிக்கா, இந்தியாவின் ஏற்றுமதித் திட்டங்கள் பல தடைசெய்யப்பட்ட மானியங்கள் என்று உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டது. 2019 அக்டோபரில் நடுவர் குழு பெரும்பாலும் அமெரிக்காவின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆயத்த ஆடைகளுக்கு 2019 மார்ச் 7 முதல் நடைமுறைக்கு வந்த ஆர்.ஓ.எஸ்.சி.டி.எல். திட்டத்தின் பெயரிலேயே ‘ரிபேட்’ என்ற சொல் இருக்கிறது; மாநில, மத்திய வரிகளையும் தீர்வைகளையும் திருப்பித் தருவது என்பதே அதன் பொருள். மானியம் பெற்ற சரக்கு என்று கருதினால், இறக்குமதி செய்யும் நாடு ஈடுசெய் வரி விதிக்கலாம். ஆகவே, தமக்கு உரிய பணம் திரும்பி வருவதைத் தாமே ‘மானியம்’ என்று எழுதுவது, எதிர்வழக்கறிஞருக்குச் சான்று எழுதிக்கொடுப்பதற்கு ஒப்பாகும்.

யார் கட்டுகிறார், யார் சுமக்கிறார்

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது முதலில் 25 சதவீதமும், 27-ஆம் தேதி முதல் மேலும் 25 சதவீதமும் கூடுதல் வரி விதித்தபோது, இந்தப் பகுதியில் கேட்ட கேள்வி: “இந்த வரியை நாம் கட்ட வேண்டுமா?” கட்ட வேண்டியவர் அமெரிக்க இறக்குமதியாளர். சட்டப்படி வரி அவர்மீதுதான் விழுகிறது. அதை ‘இம்பாக்ட்’ என்பது பொருளியல் வழக்கு, தமிழில் வரித்தாக்கம். ஆனால், அவர் “விலையில் இத்தனை சதவீதம் தள்ளுபடி கொடுங்கள், இல்லையேல் வங்கதேசத்துக்கோ வியட்நாமுக்கோ போகிறேன்” என்கிறார். ஏற்றுமதியாளர் கொஞ்சம் இறங்குகிறார். பிறகு அவர் ஜாப் ஒர்க் கூலியைக் குறைக்கச் சொல்கிறார். கூடத்துக்காரர் பீஸ் ரேட்டை உயர்த்தாமல் நிறுத்துகிறார். சுமை கடைசியில் போய்த் தங்கும் இடம் எதுவோ, அதுவே ‘இன்சிடென்ஸ்’, வரிச்சுமை.

தாக்கமும் சுமையும் ஒரே இடத்தில் இருக்க வேண்டியதில்லை. யாருக்கு வேறு வழி குறைவோ, அவரிடமே சுமை அதிகம் தங்கும். இதை வகுப்பறையில் நெகிழ்ச்சி என்ற பெயரில் வளைகோடுகளாக வரைந்து காட்டுவோம். இறக்குமதியாளருக்கு வேறு நாடுகள் உண்டு. இந்த ஊரை விட்டுப் போக முடியாத தையல்காரருக்கு வேறு வழி இல்லை.

அதே நாள்களில் செய்திகளில் கண்ட இன்னொரு குழப்பம், சதவீதம், சதவீதப் புள்ளி என்பது. கூடுதல் வரி 25-லிருந்து 50 ஆனது 25 சதவீத உயர்வன்று. அது 25 சதவீதப் புள்ளி உயர்வு. சதவீதமாகச் சொன்னால் 100 சதவீத உயர்வு.

கழிவுநீர் என்னும் ஒற்றைச் சொல்

இதுவரை பார்த்தவை தனியார் காகிதங்கள். ஊர் முழுவதையும் பாதித்த இணை ஒன்றும் உண்டு. இங்கே ஆங்கிலத்தில் இரு சொற்கள். தமிழில் நாம் ஒன்றை வைத்துக்கொண்டு தடுமாறுகிறோம். வீடுகளிலிருந்து வருவது ‘சூவேஜ்’. சாய, சலவை ஆலைகளிலிருந்து வருவது ‘எஃப்ளூயன்ட்’. இரண்டையும் கழிவுநீர் என்கிறோம். நொய்யல் இரண்டையும் சுமந்தது. வீட்டுக் கழிவை நுண்ணுயிர்கள் தின்று தூய்மையாக்க முடியும். சாயக் கழிவில் கரைந்திருக்கும் உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. எதிர்ச் சவ்வூடு பரவல், ஆவியாக்கல் போன்ற செலவுமிக்க வழிகளால்தான் பிரிக்க வேண்டும். நிறத்தை மட்டும் நீக்கிவிட்டுத் ‘தூய்மையாக்கப்பட்டது’ என்று ஆற்றில் விட்ட நீரில் உப்பு அப்படியே இருந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியது இதன் விளைவு. சாய ஆலைகள் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேற்றாத நிலையை எட்டவில்லை என்பதால், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அவற்றை மூட ஆணையிட்டது.

அதனோடு வந்த இன்னோர் இணை, ‘ஃபைன்’, ‘காம்பன்சேஷன்’. அபராதம் அரசுக்குப் போவது, குற்றத்துக்கான தண்டனை. இழப்பீடு பாதிக்கப்பட்ட உழவருக்குப் போவது; இழந்ததை ஈடுசெய்வது. மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை, நொய்யல் ஆயக்கட்டு உழவர்களின் வழக்கில் 2009-இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. அபராதம் கட்டியாயிற்று என்பதால் இழப்பீட்டுக் கடமை தீர்ந்துவிடாது.

என்ன செய்யலாம்?

ஆங்கிலம் கற்றுக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொல்வது எளிது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் தைப்பவரிடம் அதைச் சொல்வது முறையன்று. காகிதம்தான் மக்களின் மொழிக்கு வர வேண்டும். தொழிற்சாலையில் ஒட்டப்படும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டமே கூறியது. இன்று இந்தப் பகுதியில் அந்த மொழி தமிழாக மட்டுமின்றி, ஒடியாவாகவும் இந்தியாகவும் இருக்கலாம். சுவரில் ஒட்டும் காகிதத்துக்கு உள்ள இந்த நெறியை, கையொப்பம் வாங்கும் காகிதத்துக்கும் விரிவாக்க வேண்டும்.

அடுத்து, ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று நிலைநிறுத்த வேண்டும். லே-ஆஃப் என்றால் தற்காலிக வேலையின்மை. ரெட்ரெஞ்ச்மென்ட் என்றால் ஆட்குறைப்பு. இரண்டுக்கும் ‘பணிநீக்கம்’ என்று எழுதுவதை இதழ்கள் கைவிடலாம். இந்தப் பகுதிக் கல்லூரிகளின் வணிகவியல், பொருளியல் துறைகள் தொழில் அமைப்புகளோடும் தொழிற்சங்கங்களோடும் கூடி, நூறு சொற்கள் கொண்ட ஒரு சிறு கையேட்டைத் தொகுத்தால், அது பல ஆய்வேடுகளைவிடப் பயன்படும்.

அதுவரை, புரியாத சொல்லுக்கு முன்னால் நின்று மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். பணத்தைக் கொடுப்பவர் யார்? அது எனக்கு உரிமையா, அவர் விருப்பமா? கொடுக்காவிட்டால் நான் யாரிடம் போகலாம்? இம்மூன்றுக்கும் இரு சொற்கள் ஒரே விடையைத் தந்தால், எதை எழுதினாலும் குற்றமில்லை. விடை மாறினால், சரியான சொல்லை எழுதச் சொல்லிவிட்டுப் பிறகு கையொப்பமிடுங்கள்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).